முதலில் வலிமருந்து வரட்டும்

ஆசிரியருக்கு,

கருணைக்கொலையைச் சட்டமாக்கலாமா என்ற விவாதத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். (அந்தச் சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை.) நெதர்லாந்தில் 2002 முதல் அனுமதி உண்டு, இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த மட்டும் நிபந்தனைகளோடு இடம் கொடுத்தது. சரி, இலங்கையில் எங்கள் நிலை?

புற்றுநோயோடு கிடந்த என் அம்மம்மா, "என்னைப் போக விடு பிள்ளை" என்று நாள் முழுக்க அனுங்கினார். மோர்பின் என்ற வலிமருந்து கிடைத்த அன்று அரைக்கோப்பை கஞ்சி குடித்துவிட்டு, முற்றத்து முருங்கை காய்த்ததா என்று விசாரித்தார். அவர் கேட்டது சாவையா, வலி நிற்பதையா?

பிள்ளைகள் வெளிநாட்டில், கிழவி தனியே வீட்டில். இப்படியான ஊரில் 'நான் பாரம்' என்ற நினைப்பே சாகச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கச் செய்துவிடும். கிராமத்து ஆஸ்பத்திரி வரைக்கும் வலிமருந்து வரட்டும். சட்டத்தை அப்புறம் பேசுவோம்.

வாசகி,
சுன்னாகம்