நம் படகுச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதிதாகச் சேர்பவர்கள் ஏன் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டீர்கள். தவறு நம்முடையதுதான். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் முதல் நாளே அவர்களைக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் உட்காரவைத்து, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம் வரை அழைத்துக்கொண்டு போனோம். மேல்காற்று முதுகில் தள்ள, சிரித்துக்கொண்டே போனார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. கை ஓய்ந்து, அடுத்தவர் படகில் கயிறு கட்டிக் கரை சேர்ந்தவர் அதன்பின் எத்தனை வாரம் வருவார்?

ஆகவே இந்த ஆண்டு முதல் நாள் பாலப் பயணத்தை நிறுத்திவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். தண்ணீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் அன்று காலையே முடிக்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தை அதில் எழுத வேண்டும். ஒருவர் "புதுச்சேரி வரை" என்று எழுதினார். அவர் அதுவரை பிறர் பிடித்துக்கொள்ளாமல் படகில் ஏறியதே இல்லை. அதை அடித்துவிட்டு, "நனையாமல் ஏறி, நனையாமல் இறங்குவது" என்று எழுதச் சொன்னோம். அதற்கே மூன்று ஞாயிறுகள் பிடித்தன. நான்காம் ஞாயிறு, யாரும் சொல்லாமலே படகைத் திருப்பப் பழகிக்கொண்டிருந்தார்.

பலரும் அஞ்சியது கவிழ்வதற்குத்தான். இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, பக்கத்தில் ஒருவர் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து எழப் பழக்கினோம். ஒருமுறை கவிழ்ந்து எழுந்தவரின் துடுப்புப் பிடியே மாறிவிடுகிறது. விறைத்திருந்த இடுப்பும் படகோடு அசையத் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகள் கவிழாமலே பெயர் வாங்கிவந்த நானும் இம்முறை தப்பவில்லை. "செயலாளர் கவிழ்ந்தார்" என்று நோட்டில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து எனக்குத் தெரியும்.

முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்தபின் காற்றோடு திரும்புவது என்பது இப்போது விதி. கோடையில் கடற்காற்று எழுமுன் கரையேறிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் மணல்திட்டை உடைத்து முகத்துவாரம் திறந்துவிட்டால், கடல் ஓதம் இறங்கும் நேரத்தில் நீர் பாலத் தூண்களுக்கிடையே கடலை நோக்கி வேகமாக இழுக்கும். அந்த நாட்களில் பாலத்தின் பக்கம் யாருக்கும் அனுமதி இல்லை. "இன்று இறங்கவில்லை" என்று நோட்டில் எழுதினாலும் அது நிறைவேறிய காரியமாகவே கொள்ளப்படும். சந்தா கட்டிவிட்டுக் கரையில் உட்காருவதா என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. செயற்குழு முடிவை மாற்றவில்லை.

புதுச்சேரிக்காரர் பிப்ரவரியில் பாலம் வரை போய், தானே துடுப்புப் போட்டுத் திரும்பினார். நோட்டில் "பாலம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் குறைகின்றன. கொண்டுபோனவர் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டால் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்