'வறட்சிதான்' என்று சொல்லும் கண் மருத்துவர்களுக்கு

மதிப்புக்குரிய கண் மருத்துவர்களுக்கு,

வணக்கம். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டிக்கொண்டு உங்கள் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. எட்டு வருடமாக இமை அழற்சியும் கண் வறட்சியும் உண்டு. இதுவரை மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். மூவருமே முதல் நாளில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்: "பெரிசா ஒண்ணுமில்லம்மா, வறட்சிதான். சொட்டு மருந்து எழுதித் தரேன்."

அந்தத் 'தான்' பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் பக்கத்து நியாயம் புரிகிறது. எனக்கு முன்னால் போனவருக்குக் கண் அழுத்தம் ஏறியிருக்கும், அடுத்து வருபவருக்கு விழித்திரை விலகியிருக்கும். எனக்குப் பெரும்பாலும் பார்வை போகப்போவதில்லை. அந்த வரிசையில் நான் சின்ன கேஸ்தான். ஆனால் காலையில் கண்ணைத் திறப்பதே எனக்கு ஒரு வேலை. இமை முடிகளில் பீளை காய்ந்து ஒட்டியிருக்கும். அவசரப்பட்டுப் பிய்த்தால் முடியும் சேர்ந்து வரும். அதனால் ஈரப் பஞ்சைக் கண்மேல் வைத்துக்கொண்டு, அது ஊறும்வரை படுத்திருக்க வேண்டும். மதியத்துக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். சாயங்காலம் கண்ணிலிருந்து நீர் வழியும், பக்கத்தில் இருப்பவர் "ஏன் அழறீங்க?" என்பார்.

இந்த நீர் வழிவதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "வறட்சின்னு சொல்றீங்க, இப்படிக் கொட்டுதே டாக்டர்?" அவர் சிரித்துக்கொண்டே, "அதுவும் வறட்சிதான்" என்றார். எழுதிக் கொடுத்த சீட்டோடு வெளியே வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் தவறில்லை. கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்க வேண்டும். அதைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. 1666-இல் அவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. அந்த வாய்கள் அடைத்துக்கொண்டால் எண்ணெய் வராது, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும், கண் எரியும். எரிச்சல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி தண்ணீரைக் கொட்டும். எண்ணெய் இல்லாத அந்தத் தண்ணீரும் கண்ணில் நிற்காது, கன்னத்தில்தான் வழியும். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது.

அடுத்தது ஒத்தடம். "வெந்நீர் ஒத்தடம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். எந்த அளவு சூடு? எவ்வளவு நேரம்? அதற்கப்புறம் என்ன? நான் கைக்குட்டையை வெந்நீரில் நனைத்து, கண்மேல் அரை நிமிடம் வைத்து எடுத்துவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும் என்றோ, சுமார் 40 டிகிரி சூடு ஐந்து பத்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்றோ யாரும் சொல்லவில்லை.

கடைசியில் சொல்லிக் கொடுத்தது மருத்துவர் இல்லை, மூன்றாவது மருத்துவரின் உதவியாளர். சின்னப் பெண். ஒத்தடம் கொடுத்த கையோடு என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, என் கீழ் இமையை முடி இருக்கும் பக்கமாக, கீழிருந்து மேலே மெதுவாக அழுத்தினாள். விளிம்பில் வெள்ளையாகப் பற்பசை மாதிரி ஏதோ பிதுங்கியது. "இது தெளிவா எண்ணெய் மாதிரி வரணும் மேடம். மேல் இமையை மேலேர்ந்து கீழே அழுத்துங்க. சூடு இருக்கும்போதே செஞ்சிடணும், அப்புறம் விளிம்பை மட்டும் துடைங்க." அத்தனை வருட வைத்தியத்தில், என் கண்ணில் என்ன கோளாறு என்று நானே பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒருநாள்கூட ஒத்தடத்தை விட்டதில்லை என்று சொல்லமாட்டேன். விடும்போது எதை விடுகிறேன் என்று தெரிந்து விடுகிறேன்.

என் தப்பும் உண்டு. ஒருமுறை கண் ரொம்பச் சிவந்தபோது எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு இரண்டே நாளில் சொர்க்கத்தைக் காட்டியது. அந்தப் பழைய சீட்டை வைத்தே பிறகு பலமுறை வாங்கிப் போட்டேன். கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம் என்று தெரியாது. "ஒரு வாரம் போடுங்க" என்றுதான் சீட்டில் இருந்தது, அதற்குமேல் ஏன் கூடாது என்று இல்லை. சாதாரணச் செயற்கைக் கண்ணீரிலும் இதே கதை. மருந்து கெடாமல் இருக்கப் பாட்டிலில் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே அரிக்கும், ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல் போடுவதானால் பதப்பொருள் இல்லாத சொட்டுதான் நல்லது. நான் எட்டு முறை போட்டுக்கொண்டிருந்தேன். இமையின் உள்விளிம்பில் மை தீட்டும் பழக்கம் உண்டா என்றும் யாரும் கேட்கவில்லை. இருந்தது.

"மொபைல், கம்ப்யூட்டர் பாக்காதீங்க" என்பதை மட்டும் எல்லோரும் மறக்காமல் சொன்னீர்கள். கம்ப்யூட்டர்தான் என் வேலை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது, இமைத்தாலும் பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வப்போது இரண்டு இமையும் தொடும்படி முழுதாக மூடித் திறங்கள் என்று சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.

உங்களில் ஒருவர் போகிற போக்கில், "இமை முடியில பூச்சி இருக்கு" என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை, தலையணை உறையை இரண்டு முறை மாற்றினேன். டெமோடெக்ஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதான அந்த உண்ணி வயது ஏற ஏறப் பெரும்பாலானவர்களின் தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும், கூட்டம் பெருகினால்தான் தொல்லை என்று கூடவே சொல்லியிருக்கலாம். ஒன்று மட்டும் பாராட்ட வேண்டும். என்னைக் கீழே பார்க்கச் சொல்லி, முடியின் அடியில் உறை போட்ட மாதிரி இருந்த செதிலைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் என்னை நேராக மட்டுமே பார்க்கச் சொன்னார்கள்.

இன்னொன்று, பரிசோதனை. மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று எண்ணுகிறீர்கள், இமையில் தாள் செருகி, அது எவ்வளவு நனைகிறது என்று ஐந்து நிமிடம் காத்திருக்கிறீர்கள். எண்கள் சுமாராக இருந்தால் "நல்லாத்தானே இருக்கு?" என்கிறீர்கள். இந்த நோயில் எண்களும் நோவும் ஒத்துப்போகாதது சகஜம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தாள் நனைந்துவிட்டதால் எனக்கு எரியவில்லை என்று ஆகாதே.

நான் கேட்பது புது மருந்து இல்லை. முதல் நாளே, "இது முழுசாப் போகாது, அடங்கி இருக்கும், சர்க்கரை நோய் மாதிரி தினமும் கவனிக்கணும்" என்று சொல்லுங்கள். என்னிடம் யாரும் சொல்லாததால், கண் தெளிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்துவேன். ஒரு மாதத்தில் திரும்ப வரும். "இந்த டாக்டருக்குக் கைராசி இல்லை" என்று அடுத்தவரிடம் போவேன். முதல் இருவரையும் நான் அப்படித்தான் விட்டேன். அவர்கள்மேல் குற்றமில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் இன்றும் யாரோ ஒருவர் அவர்கள் அறையிலிருந்து "வறட்சிதான்" என்ற வார்த்தையோடு வெளியே வந்துகொண்டிருப்பார்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி முறை இருக்கிறது. கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் சொட்டு விட்ட பிறகு சின்ன எழுத்து தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலிக்குப் பழகிய நோயாளி ஒருத்தி