சுரைக்குடுக்கையில் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிக் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார். வெள்ளையடித்த பிறகுதான் வேறு ஆள் வைக்க வேண்டும். போன சனிக்கிழமை இரவு நீ பேசியபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி என்றாய். சரி. வெந்நீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு. போனஸ் விஷயத்தை இரண்டு முறை சொன்னாய். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

நேற்று மதியம் தொலைக்காட்சியில் ஜாக்கி சானின் ‘டிரங்கன் மாஸ்டர்’ போட்டார்கள். நீ சி.டி. தேயும்வரை பார்த்த படம். ஊஞ்சல் கொக்கியில் தலைகீழாகத் தொங்கி, கீழே இருந்த வாளியிலிருந்து தம்ளரால் மொண்டு மேல் வாளியில் ஊற்றப் பார்த்தாயே, அதே படம். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். நான் திட்டவில்லை. அந்த வயதில் அவ்வளவு நேரம் வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடித்த பிள்ளையை என் பள்ளியில் நான் கண்டதில்லை. நீ மாவட்டப் போட்டியில் நீளம் தாண்டிய அன்று தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

படம் 1978இல் வந்தது. ஜாக்கி சானுக்கு அப்போது 24 வயது. இப்போது உனக்கு இருக்கும் வயதைவிடக் குறைவு. 1973இல் புரூஸ் லீ போன பிறகு, அவரைப் போலவே முறைத்துக்கொண்டு நிற்கும்படி இந்தப் பையனைப் படத்துக்குப் படம் நிறுத்தினார்கள். எதுவும் ஓடவில்லை. யுவன் வூ பிங் என்ற இயக்குநர்தான் அவனை அவனாகவே ஆடவிட்டார். படத்தின் கதாநாயகன் வோங் ஃபெய் ஹுங் உண்மையில் வாழ்ந்த மருத்துவர், குங்ஃபூ ஆசான். 1949 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் குவான் டக் ஹிங் அவரை ஒரு மகான் போலவே நடித்து வைத்திருந்தார். அந்தப் பெரிய மனிதரை அடங்காத விடலையாகக் காட்டத் துணிந்ததுதான் இந்தப் படத்தின் வெற்றி. அப்பா பேச்சைக் கேட்காத பிள்ளை. அப்பா வேறு வழியில்லாமல் அவனைக் குடிகாரக் கிழவர் சோவிடம் ஒப்படைக்கிறார்.

குடித்தவனைப் போல ஆடுவது இருக்கிறதே, அது குடிக்காதவனால் மட்டுமே ஆகிற வேலை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடைசிச் சண்டையை இன்னொரு முறை பார். உடம்பு பின்னால் சரிகிறது, முழு எடையும் ஒரே குதிகாலில். விழுந்துவிட்டான் என்று நாம் நினைக்கும்போது இடுப்பு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது; கிண்ணம் பிடித்த விரல்கள் எதிராளியின் தொண்டைக்குப் போகின்றன. எதிரில் நிற்பவர் ஹுவாங் ஜாங் லீ. அவருடைய உதை சற்றுப் பிசகினாலும் தாடை நிற்காது. அந்தப் படப்பிடிப்பில் ஜாக்கி சானுக்குப் புருவ எலும்பில் பலத்த அடி. கண் தப்பியதே பெரிது. உண்மையாகவே தள்ளாடுகிறவன் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றிருக்க முடியுமா? ஒவ்வொரு தள்ளாட்டமும் எண்ணி எண்ணிப் பழகியது. உன் தலைமுறைப் பிள்ளைகள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே போனால்தான் பேச்சு வரும், தைரியம் வரும் என்று நினைக்கிறார்கள். பொதுவாகச் சொல்கிறேன்.

அந்தப் பயிற்சி ஜாக்கி சானுக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஹாங்காங்கில் நீ அலுவலகம் போகும் நாதன் சாலையில் மிராடோர் மேன்ஷன் இருக்கிறதல்லவா, அங்கேதான் யூ ஜிம் யுவன் நடத்திய பீக்கிங் ஓபரா பள்ளி, அதாவது சீனக் கூத்துப் பள்ளி, இருந்தது. அவருடைய அப்பா ஆஸ்திரேலியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குச் சமையல்காரராகப் போனார். பிள்ளை பத்து வருட ஒப்பந்தத்தில் அங்கே வளர்ந்தான். பிரம்படி, கைகளில் நிற்பது, கரணம், மறுபடியும் பிரம்படி. சாமோ ஹுங்கும் யுவன் பியாவும் அங்கே உடன் வளர்ந்தவர்கள். அடித்து வளர்ப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. உன்மேல் கை வைத்ததும் இல்லை. ஆனால் தினமும் விடியற்காலையில் எழுந்து உடம்பை வணக்கிய ஒழுங்கை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள். நீ ஓடுவதை ஏன் நிறுத்தினாய்? துறைமுகக் கரையில் ஓட நல்ல பாதை இருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய். ஓடு. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு விழிக்காதே.

நேற்று ஒரு காட்சியில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழவரின் சுரைக்குடுக்கையில் மதுவுக்குப் பதில் பையன் தண்ணீரை நிரப்பி வைக்கிறான். கிழவர் அதை நம்பிச் சண்டைக்குப் போகிறார். கை ஓய்ந்துவிடுகிறது. அவ்வளவு வித்தை தெரிந்த மனிதரை எவன் எவனோ அடிக்கிறான். நீயும் நானும் தரையில் உருண்டு சிரித்த காட்சி அது. நேற்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தகப்பனார், யுவன் சியூ டின். படம் வந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். வித்தை அவருடையதாகவே இல்லை, குடுக்கையினுடையதாக ஆகிவிட்டது. அதைச் சீடன் கண்டுகொள்கிறான். பக்கத்தில் இருந்ததால் கண்டுகொண்டான்.

1994இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது அவர்களே இதை மறைக்கவில்லை. கதாநாயகன் தொழிற்சாலைச் சாராயத்தைக் குடித்து ஜெயிக்கிறான். ஹாங்காங்கில் வெளியான படத்தின் முடிவில் அந்தச் சாராயம் அவன் மூளையைக் கெடுத்துவிட்டதாகக் காட்டினார்கள். அமெரிக்கப் பிரதியில் அதை வெட்டிவிட்டார்கள். வெட்டியிருக்கக் கூடாது.

சித்தப்பாவின் ஆடி மாதத்தை நான் எடுக்கப் போவதில்லை. உனக்கே தெரியும். அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

படத்தில் பயிற்சி தாங்காமல் ஓடிப்போன பையன் வெளியே அவமானப்பட்டு, கால்சட்டையும் எரிந்து, அந்தக் கிழவரிடமே திரும்பி வருகிறான். தகப்பனைக் காப்பாற்றப் போய் நிற்கிறவனும் அவனேதான். உனக்கு அங்கே வேலை பிடிக்கவில்லையென்றால், தனியாக இருப்பது பிடிக்கவில்லையென்றால், சொல். மாடி காலியாகத்தான் இருக்கிறது. ஆள் வைக்க அவசரம் இல்லை. உன் சம்பளத்தை நம்பி இங்கே எதுவும் நிற்கவில்லை. என் ஓய்வூதியம் எங்களுக்குப் போதும்.

தை மாதம் பெரியம்மா வீட்டுக் கல்யாணம். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு.

இனி இரவில் கூப்பிட வேண்டாம். காலையில் அலுவலகம் கிளம்புமுன் பேசு. உனக்கு எட்டு மணி என்றால் எனக்கு ஐந்தரை, நான் எழுந்திருப்பேன். தினமும் பேசு. இரண்டு நிமிடம் போதும்.

அன்புடன்,
அப்பா