வாயில் எது வந்தாலும் சூடுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் வீடுகளில் வாயில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், சூடு. உதட்டில் கொப்புளமா, சூடு. நாக்கு எரிகிறதா, சூடு. மணத்தக்காளிக் கீரை, இளநீர், கொஞ்சம் நெய், அதோடு சரி. எங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஆறு வாரம் ஓடிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு 74 வயது, சிங்கப்பூரின் யீஷூனில் எங்களோடுதான் இருக்கிறார். முதலில் ரசத்தில் மிளகைக் குறைக்கச் சொன்னார். அப்புறம் முறுக்கைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டார். அப்புறம் முறுக்கே வேண்டாம், கஞ்சி போதும் என்றார். கேட்டால், "சூடும்மா, தானா போயிடும்." ஒருநாள் இரவு பல் செட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது, "அத்தை, கொஞ்சம் வாயத் திறங்க" என்று கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கீழ் ஈறில், செட்டின் விளிம்பு வந்து உட்காரும் இடத்தில், வெள்ளரி விதை அளவுக்கு வெளுத்த புண், சுற்றிலும் சிவந்து தடித்திருந்தது.

பல் மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். செட் போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, பல் போன இடத்தில் எலும்பு வருடா வருடம் கரைந்துகொண்டே வரும், செட் மட்டும் அப்படியே இருக்கும், அது தளர்ந்து ஆடி ஒரே இடத்தில் உரசுகிறது என்றார். விளிம்பை ராவிக் கொடுத்தார், பத்து நாளில் புண் ஆறிவிட்டது. எந்தக் கீரை தின்றிருந்தாலும் அது ஆறியிருக்காது.

ஆனால் அன்று அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுக் கன்னத்தின் உட்பக்கத்தையும் பார்த்தார். இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தார், போகவில்லை. துடைத்தால் வழித்துக்கொண்டு வரும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் காளான் தொற்று. செட்டை இரவிலும் கழற்றாதவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், ஆஸ்துமா இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் அது வரும், மருந்தில் போய்விடும். துடைத்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் விடக்கூடாதாம். "இந்தப் பக்கம் என்ன வச்சுக்குவீங்க?" என்று கேட்டார். வெற்றிலை பாக்கு. நாற்பது வருடமாக அதே கன்னத்தில். சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் பின்னால் அதுவாக மாறக்கூடிய திட்டு, தொடர்ந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவு வந்தது. இத்தனைக்கும் அந்தத் திட்டு ஒருநாள்கூட வலித்ததில்லை. வலித்த புண்தான் சாதாரணமாகப் போனது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பயந்துபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாயில் வரும் கட்டி, புண்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. கீழுதட்டைக் கடித்துக்கொண்ட பிறகு உள்ளே பளபளவென்று ஒரு குமிழ் வரும், எச்சில் வரும் சின்னக் குழாய் கிழிந்து எச்சில் உள்ளேயே தேங்குவது அது. என் மகனுக்கு வந்து தானாகவே உடைந்துபோனது. சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கடியில் வீங்கி வலித்து, சாப்பிட்டு முடித்துச் சற்று நேரத்தில் வடிந்துவிடுகிறது என்றால் எச்சில் சுரப்பியில் கல் அடைத்திருக்கலாம். மேலண்ணத்தின் நடுவே கல்லுபோல ஒரு மேடு சிலருக்கு இருக்கும், அது எலும்பு, இளவயதிலிருந்தே மெல்ல வளர்ந்தது, ஒன்றும் செய்யாது. நானும் அன்றிரவே கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்து, அடிநாக்கில் வரிசையாக மேடுமேடாக இருப்பதைக் கண்டு தூக்கமில்லாமல் கிடந்தேன். எட்டுப் பத்து மேடுகள் எல்லோருக்குமே அங்கே உண்டு, சுவை அறியும் மொட்டுகள் அவற்றிலும் இருக்கின்றன என்று மறுநாள்தான் தெரிந்தது.

அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பது நல்லது. இரும்புச் சத்து, பி12, ஃபோலேட் குறைந்தால் வரும், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு வாயில் புண் கிளம்பினால் அன்றே மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள், மருந்து உடம்பில் அளவு மீறியதற்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இப்போது பாக்கு விஷயம். குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் 2016 ஆகஸ்டிலிருந்து சிங்கப்பூரில் தடை. அதனால் புகையிலை இல்லாத வெறும் வெற்றிலை பாக்கு தோஷமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம், என் மாமியாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே பாக்கு மட்டுமே போதும், அதுவே புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கு வாயின் உட்சதையை நாராக இறுக்கிவிடும். முதலில் காரம் தாங்காது, அப்புறம் வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். உங்கள் கையின் நடு மூன்று விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள், நுழைய வேண்டும். என் கணவரோடு வேலை செய்யும் ஒரு தம்பிக்கு, 29 வயது, இரண்டு விரல்தான் நுழைகிறது. ஊரில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே பாக்குப் பொட்டலம் போட ஆரம்பித்தவராம். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு இருக்கட்டும், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் அது வேண்டியதுதான். மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

நம் சமூக அமைப்புகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உடல்நலப் பரிசோதனை நாள் என்று கூப்பிடுகிறீர்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறீர்கள். மாமியாரை நான் அழைத்துப்போன எந்த இடத்திலும் ஒருவர்கூட வாயைத் திறக்கச் சொன்னதில்லை. ஒரு பல் மருத்துவர், ஒரு டார்ச்சு லைட்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம். தமிழில் "பாக்கு போடுவீங்களா, எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், நம் பாட்டிமார்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

அதுவரை வீட்டில் நாமே பார்ப்போம். எந்தப் புண்ணும் கட்டியும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், இரண்டு மூன்று வாரத்தில் போகவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். மூத்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால் சாஸ் (CHAS) திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் பல் மருந்தகங்களிலும் கழிவு உண்டு. என் மாமியாரின் மெர்டேக்கா அட்டை அலமாரியில் சும்மாதான் கிடந்தது.

மாமியார் பாக்கை விட்டு ஐந்து மாதமாகிறது. கை சும்மா இருக்காது என்று டப்பாவில் சோம்பும் கிராம்பும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி கன்னத்தைக் காட்டப் போகிறோம்.

இப்படிக்கு,
யீஷூன் வாசகி