ஆறுமணிக் குருவிக்குத் தமிழ்ப் பெயர் உண்டு

ஐயா,

பறவைக் கழகமொன்று கொழும்புக்கு அருகிலுள்ள பெல்லன்வில–அத்திடிய சரணாலயத்தில் நடத்தவுள்ள வலசைப் பறவை பார்க்கும் நிகழ்வு பற்றிய தங்கள் ஞாயிறு செய்தியைப் படித்தேன். 2018இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் இத்தகைய முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் இவ்வாறான நிகழ்வுகளில் நான் இதுவரை பெற்ற பறவைப் பட்டியல்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலுமே இருந்தன. தமிழ்ப் பிள்ளைகள் பறவையைப் பார்க்கிறார்கள். பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

சென்ற ஐப்பசியில் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டில் வண்ணக் குருவியொன்று களைத்துப்போய் ஒதுங்கியிருந்தது. மகள் அதை ஆங்கிலத்தில் 'பிட்டா' என்றாள். வவுனியாவிலிருந்து வந்திருந்த என் மாமியாரோ எட்டிப் பார்த்ததுமே, "இது ஆறுமணிக் குருவியல்லவா!" என்றார். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வரும் பறவைக்கு நம்மவர்கள் கடிகாரம் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்! பிட்டா என்பதும் தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான் என்பது வேறு கதை.

பறவைக் கழகங்கள் தமது பட்டியலில் தமிழ்ப் பெயர்களுக்கும் ஒரு நிரல் ஒதுக்க வேண்டும். பங்குனி வரை இப்பறவைகள் இங்கிருக்கும். அதுவரை வாரம் ஒரு பறவையைத் தங்கள் சிறுவர் பக்கத்தில் அறிமுகப்படுத்தலாமே.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6