ஹேண்ட் பிரேக் லூஸ்னா நட்டை மட்டும் முறுக்கி அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீசன் ஆரம்பிச்சா குன்னூர், ஊட்டி ரோட்டோரத்துல நிக்கிற வண்டிங்கள்ல நிறைய வண்டிக்கு பின் சக்கரத்துல கல்லு வச்சிருப்பாங்க. கல்லு வைக்கிறது நல்ல பழக்கம்தான், மலையில நாங்களும் வைப்போம். ஆனா கேட்டா "ஹேண்ட் பிரேக் சரியா பிடிக்கல சார், ஊருக்கு போய் பாத்துக்கலாம்"னு சொல்றாங்க பாருங்க, அதான் பயமா இருக்கு. பின்னாடி சரிவுல கடை இருக்கு, ஸ்கூல் பசங்க நடந்து போறாங்க.

லூஸ் ஆயிருக்கான்னு கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். லீவரை மெதுவா தூக்கும்போது டிக் டிக்னு சத்தம் வரும்ல, சின்ன கார்கள்ல பொதுவா அஞ்சுல இருந்து எட்டுக்குள்ள பிடிச்சிடணும், உங்க வண்டிக்கு எத்தனைன்னு கூட வந்த புக்குலயே இருக்கும். அதுக்கு மேல போய் லீவர் நட்டுக்குத்தலா நிக்குதுன்னா தளர்ந்திருக்குன்னு அர்த்தம். கையில எந்த இழுவையுமே இல்லாம சும்மா மேல வந்தா கேபிள் அறுந்திருக்கலாம், இல்ல கொக்கி கழண்டிருக்கலாம், அப்போ வண்டியை மேட்டுல நிறுத்தவே கூடாது. டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியுதேன்னு நம்பாதீங்க, லீவர் தூக்கியிருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும், சக்கரம் பிடிச்சிருக்கா இல்லையான்னு அதுக்கு தெரியாது.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. ஒர்க் ஷாப்ல விட்டா பல இடத்துல லீவருக்கு கீழ கவரை கழட்டி அட்ஜஸ்ட் நட்டை நாலு சுத்து முறுக்கி, "பாருங்க, டைட் ஆயிடுச்சு"ன்னு அஞ்சு நிமிஷத்துல சாவியை குடுத்துடறாங்க. இது சரியான வேலையே இல்லைங்க. பின்னாடி டிரம் பிரேக் (சக்கரத்தோட சுத்தற டிரம்மை உள்ள இருந்து ஷூ அழுத்திப் பிடிக்கிற பிரேக்) இருக்கிற வண்டில ஷூ மேல இருக்கிற லைனர் தேய தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடும், அதை தானா குறைக்கறதுக்கு உள்ள ஒரு அட்ஜஸ்டர் இருக்கு, அது தூசியும் துருவும் ஏறி ஜாம் ஆனா லீவர் மேல மேல வர ஆரம்பிக்கும். அப்போ கோளாறு டிரம்முக்குள்ள, கேபிள்ல இல்ல. கேபிளை மட்டும் இழுத்து கட்டினா டிரம்முக்குள்ள அந்த கேபிள் இழுக்கிற நெம்பு முழுசா பழைய இடத்துக்கு திரும்பாது, அட்ஜஸ்டரும் சரியா வேலை செய்யாது, ஷூ டிரம்ல உரசிக்கிட்டே ஓடும், சூடாகும், மைலேஜ் குறையும், கொஞ்ச நாள்ல திரும்ப லூஸ்.

முறைப்படின்னா சமதரையில முன் சக்கரத்துக்கு கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பின்பக்கம் ஜாக்கி வச்சு தூக்கி ஸ்டாண்டு குடுத்து டிரம்மை கழட்டணும். லைனர் தேய்மானம் பாக்கணும், வீல் சிலிண்டர் (கால் பிரேக்கை மிதிச்சா ஷூவை தள்ளற பாகம்) கசிஞ்சு ஈரமா இருக்கான்னு பாக்கணும், அட்ஜஸ்டரை சுத்தம் பண்ணி ஷூவை செட் பண்ணணும். கேபிள்ல பிசிறு விட்டிருந்தாலோ, உறைக்குள்ள துரு பிடிச்சு இறுகியிருந்தாலோ மாத்தியே ஆகணும், எண்ணெய் விட்டு ஓட்டற விஷயம் இல்ல. எல்லாம் முடிஞ்சு கடைசியாதான் அந்த நட்டு. லீவரை இறக்கினா ரெண்டு சக்கரமும் ஃப்ரீயா சுத்தணும், தூக்கினா ரெண்டும் ஒரே மாதிரி பிடிக்கணும்.

வாடகை வண்டிக்கு எஃப்.சி. (வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு சோதிச்சு குடுக்கற சான்று) இருக்கு, எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, அப்புறம் வருஷா வருஷம். சொந்த காருக்கு 15 வருஷம் கழிச்சு ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பாக்கறாங்க. நடுவுல ஓனரே அக்கறை எடுத்தாதான் உண்டு.

2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்தாச்சு, செக்போஸ்ட்ல எப்படியும் நிறுத்தறாங்க. அங்கேயே ஹேண்ட் பிரேக்கை செக் பண்ணிக்கோங்க, மேட்டைப் பாத்து நிறுத்தினா ஃபர்ஸ்ட் கியர், இறக்கத்தைப் பாத்து நிறுத்தினா ரிவர்ஸ் கியர் போடுங்கன்னு பெருசா ஒரு போர்டு வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்தை உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன். அடுத்த சீசனுக்கு முன்னாடியே வச்சா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்