கெர்ஷாவிடமிருந்து பந்தை வாங்க ஓர் ஆள் வேண்டும்

லாஸ் ஏஞ்சலஸ்
11 அக்டோபர் 2019

டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி நிர்வாகத்துக்கும் மேனேஜர் திரு. டேவ் ராபர்ட்ஸ் அவர்களுக்கும்,

வணக்கம். புதன்கிழமை இரவு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீசனில் 106 ஆட்டம் ஜெயித்த நம் அணி, 93 ஜெயித்த வாஷிங்டனிடம் பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக அக்டோபரில் நடக்கும் ஆட்டங்களில்) சொந்த மைதானத்திலேயே தோற்று வெளியே போனது. தோல்வி பற்றி எழுத இந்த மடல் இல்லை. 31 வருஷமாக அது எங்களுக்குப் பழகிய சங்கதி.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏழாவதில் வாஷிங்டனின் இரண்டு பேர் ரன் எடுக்கும் வழியில் பேஸில் நிற்க, நம் பந்துவீச்சாளர் கிளேட்டன் கெர்ஷா உள்ளே வந்து ஆடம் ஈட்டனை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். மைதானமே எழுந்து கத்தியது, நானும் கத்தினேன். 3-1 என்று முன்னால் இருக்கிறோம், ஜெயிக்க இன்னும் ஆறு அவுட்தான் தேவை. கூப்பிட்ட வேலையை முடித்துவிட்டார் மனிதர். அதோடு முதுகில் தட்டி உட்கார வைத்திருக்கலாம். நீங்கள் மறுபடியும் அனுப்பினீர்கள். வாஷிங்டனின் அந்தோணி ரெண்டன் ஒரு ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி. அதற்கு அடுத்த பந்திலேயே ஹுவான் சோட்டோ இன்னொன்று. 3-3.

சோட்டோவின் பந்து எங்கே போய் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. கெர்ஷாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டக்அவுட் பெஞ்சில் தனியாக, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் போகவில்லை. துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் திண்ணையிலேயே நின்றுவிடுவோமே, அந்த மாதிரி எல்லோரும் தள்ளி நின்றார்கள். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது மூன்றும், சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது ஒன்றும் வாங்கியவர் அவர். ஆட்டம் முடிந்து, அக்டோபர் ஆட்டங்களில் தன்னைப் பற்றி ஊர் சொல்வதெல்லாம் இப்போதைக்கு உண்மைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருக்குப் பிறகு கென்டா மயேடா வந்தார், வரிசையாக மூன்று பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அவர் அதுவரை புல்பென்னில், மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடத்தில்தான் இருந்தார். இடதுகைக்காரர்களை அடக்கவென்றே நீங்கள் வாங்கி வைத்த ஆடம் கொலரெக்கும் அங்கேதான் இருந்தார். இந்தத் தொடரில் இடதுகைக்காரரான சோட்டோவுக்கு அவர் மூன்று முறை வீசி மூன்று முறையும் அவுட் ஆக்கியிருந்தார். எந்த ஆட்டக்காரர் எந்தப் பந்தை எந்தத் திசையில் அடிப்பார் என்று கணக்குப் போட உங்களிடம் ஒரு பட்டாளமே இருப்பதாகக் கேள்வி. இந்தக் கணக்குக்கு மூன்று விரல் போதுமே ஐயா! கூடுதலாக வந்த பத்தாவது இன்னிங்ஸில் பந்துவீச்சாளர் ஜோ கெல்லியை விட்டு வைத்து, ஹோவி கெண்ட்ரிக்கிடம் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) வாங்கிய கதைக்குள் நான் போகவில்லை. நம் இன்னொரு பந்துவீச்சாளர் கென்லி ஜான்சன் அதுவரை கை சூடாக்கிக்கொண்டிருந்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

கெர்ஷா குறை இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி வழக்கமான சீசனில் 2.44, பிளேஆஃபில் 4.43. யாரும் மறைக்க முடியாத எண்கள். பழைய வேகமும் இல்லை. முதுகு 2016-லிருந்தே அவரைப் படுத்துகிறது. ஆனால் அவரை எப்போதெல்லாம் அனுப்பினீர்கள் என்றும் பாருங்கள். 2014-ல் செயின்ட் லூயிஸில் மூன்றே நாள் ஓய்வில் வீசி, ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் இருந்தவரை ஏழாவதுக்கும் அனுப்பினார்கள். மேட் ஆடம்ஸ் ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தார். அப்போது மேனேஜர் நீங்கள் இல்லை, சரி. பாடம் அதேதான். 2016-ல் வாஷிங்டனில், ஒரே ஒரு நாள் இடைவெளியில், கடைசி இரண்டு அவுட்டுக்கு அவரைத்தான் கூப்பிட்டீர்கள். எடுத்துக் கொடுத்தார். 2017 உலகத் தொடரின் (கோப்பைக்கான இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில் நான்கு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை. இந்த முறையும், ஐந்து நாள் முன்புதான் இதே அணிக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் வீசியிருந்தார். கூப்பிட்டால் மாட்டேன் என்று அவர் வாயில் வராது. அதனால்தான் கேட்கிறேன், அவர் கையிலிருந்து பந்தை வாங்கி வெளியே அழைத்துவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்து பார்க்கிங்கில் கெர்ஷாவின் பெயர் போட்ட சட்டையைத் தரையில் போட்டு வண்டியை ஏற்றினார்கள் சிலர். வெட்கக்கேடு. ஆனால் அந்தக் கோபத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. 2014-லிருந்து ஆறு சீசனாக, உங்கள் தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் இந்த ஊரின் பெரும்பகுதி வீடுகளில் டாட்ஜர்ஸ் ஆட்டமே தெரிவதில்லை. 25 வருஷத்துக்கு 800 கோடி டாலருக்கும் மேல் என்கிறார்கள், நன்றாக இருங்கள். தேசிய சானலில் வருகிற பிளேஆஃப் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. இந்த வருஷம் 16 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த கெர்ஷாவை ஊர் பார்க்கவில்லை. அடி வாங்குகிற கெர்ஷாவை மட்டும் வீடு வீடாகக் காட்டிவிட்டு, ரசிகர்களுக்கு நன்றியுணர்வு இல்லை என்றால் எப்படி?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான்.

நீங்கள் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1988-ல். அந்த வருஷம்தான் கெர்ஷா பிறந்தார். அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் பாக்கி இருக்கிறது. ஐந்து இன்னிங்ஸோ ஆறோ, அவரால் நன்றாக வீச முடிகிற அளவுக்கு வீச விடுங்கள். அடுத்த அக்டோபரில் பந்து வீசும் மேட்டுக்கு நடந்து போகும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் உங்களுக்கு மனசு வராது, யாருக்குமே வராது. கையை மட்டும் நீட்டுங்கள், பந்தைக் கொடுத்துவிடுவார். தயவுசெய்து.

இப்படிக்கு,
மேல்தளத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன்